நட்டு

நில அளவைக்காரன் முதலில் வந்தது நவம்பரில்.
உறைந்த வயலில் முக்காலியை ஊன்றி
ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.
எங்களை அல்ல.
எங்களைத் தாண்டி, மாட்டுக் கொட்டகையைத் தாண்டி
நூற்றைம்பது மைல் கிழக்கே
மினியாபொலிஸ் தெரிகிறதா என்று.

அலாய்சியஸ் டிராக்டரை எடுத்துக்கொண்டு போய்
அவனைச் சுற்றி வட்டமடித்தார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
பின்னால் எருத் தெளிக்கும் வண்டி பூட்டியிருந்தது.
அன்று தெளிக்க வேண்டிய நாள்தான்;
நாள்காட்டியில் நானே குறித்து வைத்திருந்தேன்,
அன்று காலையில்.

இதே சாலையோரம் முப்பத்தொன்பதாம் வருடம்
கம்பம் நட்டவர் என் தகப்பனார்.
கூட்டுறவுச் சங்கத்துக்கு ஐந்து டாலர் பங்கு,
ஒன்பது குழி, கூலி கிடையாது.
முதல் பல்பு எரிந்த இரவு
மாடுகள் மிரண்டு பால் கொடுக்கவில்லை.
அவர் மட்டும் வெளியே பனியில் நின்று
சன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம்,
யாரோ பணக்காரர் வீடு போலிருக்கிறது என்று.

அதே சங்கம்தான் இப்போது எழுதுகிறது.
'அன்புள்ள உறுப்பினருக்கு' என்று தொடங்கி
'கையகப்படுத்தும் அதிகாரம்' என்று முடிக்கிறது.
உறையில் ஒட்டிய தபால்தலை
என் பங்குப் பணத்தில் வாங்கியது.

பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டார்கள்.
கோடு இங்கே ஏன் வளைகிறது என்று கேட்டேன்.
அங்கே வாத்துகள் தங்கும் ஏரி என்றார் பொறியாளர்.
இங்கே?
நெடுஞ்சாலைக்கு இடம் விட வேண்டும்.
அப்புறம் இங்கே?
அவர் குச்சியைக் கீழே வைத்தார்.
'இங்கே நீங்கள் இருக்கிறீர்கள், அம்மா.'

சனவரியில் எண்பது பேர் வயலில் நின்றோம்.
மூச்சு மீசையில் கட்டியாகும் குளிர்.
எனக்கு விலங்கு மாட்டியவன்
வெண்டலின் மகன் கில்பர்ட்,
போன கோடையில் எங்கள் வைக்கோல் கட்டுகளை ஏற்றியவன்.
'பார்த்து நடங்க, வழுக்கும்' என்றான்.
என் பிளாஸ்கைத் தானே சுமந்து வந்தான்.
வண்டியில் ஏறும் வரை இருவரும்
அவன் அம்மாவின் இடுப்பு வலியைப் பற்றிப் பேசினோம்.
வேறு எதைப் பேச?

ஏப்ரலில் கோபுரங்கள் வந்தன.
சோளம் அவற்றின் கால்களுக்கிடையே முளைத்தது.
கம்பியில் மின்சாரம் ஏறியபின் ஓர் இரவு
பழைய குழல்விளக்கொன்றைக் கையில் பிடித்து
அடியில் போய் நின்றேன்.
எரிந்தது.
ஒயர் இல்லை, சுவிட்ச் இல்லை,
என் விரல்களுக்கிடையே நீலமாக, நடுங்கிக்கொண்டு.
முப்பது மாடுகள் என்னையே பார்த்தன.
அந்த மாத பில்லில் யூனிட்டுக்குக் கால் சென்ட் கூடியிருந்தது.

ஆகஸ்டில், இலை அசையாத இரவொன்றில்
மூன்றாவது கோபுரம் சோளத்தில் படுத்துவிட்டது.
'முட்டி வலித்திருக்கும்,
நாலு மாதமா நிக்குதே' என்றார் வெண்டலின்.
மாவட்டமே அதைச் சொல்லிச் சிரித்தது.
பதினோரு நாளில் புதிதாக நிறுத்திவிட்டார்கள்.
பதினோரு நாளும் எங்கள் வீட்டில் விளக்கெரிந்தது;
மாநகரத்திலும் எரிந்ததாம்.
அதைக் கேட்டபோதுதான் அலாய்சியஸ் முகம் சுருங்கியது.

துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் கனத்தது.
கோழிமுட்டை அளவில் ஒரு நட்டு,
விளிம்பில் புதிய கீறல்.
நான் கேட்கவில்லை.
இருபத்தாறு வருடத்தில்
அவர் என்னிடம் மறைத்த முதல் பொருள்,
இவ்வளவு கனமாகவா இருக்க வேண்டும்!
தோட்டத்தில் நட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.
எது முளைக்குமோ.

விசாரணை அதிகாரி வெள்ளிக்கிழமை வந்தார்.
சமையலறையில் உட்கார்ந்து
இரண்டு கோப்பை காபி குடித்தார்.
அவர் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி
முட்டைக்கோஸ் போட்ட மண்சாடி.
சாடிக்குள் தட்டு, தட்டின்மேல் கல்,
கல்லை மூடிய துணிக்கடியில்
கல்லுக்குத் துணையாக அது.

'என்ன வாசனை?' என்று மூக்கைச் சுளித்தார்.
புளிக்கிறது என்றேன்.
இன்னும் மூன்று வாரமாகும்.